இடித்தவர் போய்விட்டார், கிளெய்ம் ஃபாரத்தில் என்ன எழுதுவது?

பின்பக்கம் நசுங்கிய காரை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, "யாரோ இடிச்சிட்டு நிக்காம போயிட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். சர்வீஸ் அட்வைசரிடமிருந்து பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும்: "அதெல்லாம் எழுதாதீங்க சார். ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர்.னு அலைய விட்டுடுவாங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது சுவத்துல இடிச்சதா போட்டுக்கலாம்." கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வண்டி சீக்கிரம் பில் ஆகி வெளியே போகவேண்டும், அவருக்கு அதுதான் கணக்கு.

அந்த யோசனையைக் கேட்காதீர்கள். முதலில், அது தேவையே இல்லை. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் 'ஓன் டேமேஜ்' என்ற பகுதி, இடித்தது யார், தப்பு யாருடையது என்று பார்த்துப் பணம் தருவதில்லை. விபத்தில் உங்கள் வண்டிக்குச் சேதம் என்றால் போதும். சுவரில் நீங்களே இடித்தாலும், ஓடிப்போன லாரி இடித்தாலும் வரும் தொகை ஒன்றுதான். போகும் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) ஒன்றுதான். பொய் சொல்லி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வராது. அடுத்தது, பொய் தகரத்திலேயே தெரிந்துவிடும். எப்படி என்று கீழே சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. இடித்த வண்டி அடுத்த மாதம் பிடிபட்டால், 'நானே சுவரில் இடித்தேன்' என்று நீங்கள் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்து நீட்டுவார்.

ஹிட் அண்ட் ரன் கிளெய்மில் எதிர்த்தரப்பு என்று ஒரு ஆள் இல்லை. அதனால் எழுத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நடந்தது. காயம் பட்டிருந்தால் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு, ஸ்டேஷனில் கொடுத்த புகார், கிளெய்ம் ஃபாரத்தில் 'விபத்து எப்படி நடந்தது' என்ற கட்டம், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் வாயால் சொல்வது: இந்த நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். கிளெய்ம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

இடித்த கையோடு

துரத்தாதீர்கள். ஆபத்து என்பது ஒருபக்கம். கிளெய்முக்கும் அது கேடு. முன்பக்கம் அடி வாங்கிய காரில் பம்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பி நல்லபடியாகத் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் உடைந்திருக்கும். கூலன்ட் ஒழுக ஒழுக நாலு கிலோமீட்டர் விரட்டினால் இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் போய், கடைசியில் சீஸ் ஆகும். பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது: விபத்துக்குப் பிறகு தேவையான ரிப்பேர் செய்யாமல் ஓட்டினால், அதனால் கூடும் சேதம் வண்டிக்காரர் தலையில். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் பணம் வரும். லட்ச ரூபாய் இன்ஜினுக்கு வராது. ஓரம் கட்டியதும் பானெட்டின் கீழே குனிந்து பாருங்கள். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ சொட்டினால் சாவியை அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் ஆயில் சம்ப், அப்போதும் அதேதான். மின்சாரக் காரில் அடிப்பக்கம் தட்டியிருந்தால் ஓட்டவே வேண்டாம். டோ செலவுக்குச் சாதாரண பாலிசியில் தனியார் காருக்கு 1,500 ரூபாய்தான் வரம்பு. ரோடு சைட் அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அந்த எண்ணுக்கே அடியுங்கள்.

காயம் இருந்தால் முதலில் 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033, போலீசுக்கு 112. மற்றதெல்லாம் அப்புறம்.

போட்டோவை நசுங்கிய இடத்தை மட்டும் கிட்டத்தில் வைத்து எடுக்காதீர்கள். பத்தடி தள்ளி நின்று நம்பர் பிளேட்டும் சாலையும் தெரிய ஒன்று, நாலு மூலையிலிருந்து நாலு, பிறகு சேதத்தின் கிட்டத்தில். ரோட்டில் சிதறியதையும் எடுங்கள், பொறுக்கியும் வையுங்கள். உடைந்த இன்டிகேட்டர் கவர், சைடு மிரர் கூடு, பம்பர் துண்டு ஆகியவற்றின் உள்பக்கம் பார்ட் நம்பரும் கம்பெனி முத்திரையும் அச்சாகியிருக்கும். அதை வைத்து இடித்தது எந்த மாடல் என்று கண்டுபிடிக்கலாம். உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் அடுத்த வண்டியின் பெயின்டைத் துடைக்காதீர்கள், வாட்டர் வாஷ் விடாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். சர்வேயர் பார்க்கும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

டேஷ் கேமரா இருந்தால் மெமரி கார்டைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். பதிவு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். ஒர்க்‌ஷாப் பையன்கள் வண்டியை இரண்டு நாள் உள்ளே வெளியே எடுத்தால் விபத்துக் காட்சி போயே போய்விடும். பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க், அபார்ட்மென்ட் கேட் ஆகியவற்றின் கேமராவும் இப்படித்தான். ஹார்டு டிஸ்க் அளவைப் பொறுத்து ஒரு வாரமோ ஒரு மாதமோதான் தாங்கும். கடைக்காரர் காப்பி தரத் தயங்கலாம், பரவாயில்லை. அழிக்காமல் வைக்கச் சொல்லிவிட்டு, எந்தக் கேமரா, எத்தனை மணி என்று குறித்துப் போலீசிடம் கொடுங்கள். இதில் ஒரு சின்ன விஷயம்: கடை கேமராக்களின் கடிகாரம் சரியாக ஓடுவது அபூர்வம். பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும். திரையில் தெரியும் நேரத்துக்குப் பக்கத்தில் உங்கள் மொபைல் கடிகாரத்தைப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். 'எஃப்.ஐ.ஆரில் 9.40, வீடியோவில் 9.52' என்ற குடைச்சல் பின்னால் வராது.

நம்பர் முழுதாகக் கிடைத்திருந்தால் எம்பரிவாகன் செயலியில் போட்டால் வண்டியின் ரகமும் இன்சூரன்ஸ் எதுவரை என்பதும் வந்துவிடும். உரிமையாளர் பெயர் பாதி மறைந்திருக்கும், அதைப் போலீஸ் எடுப்பார்கள். பாதி நம்பர்தான் என்றாலும் எழுதுங்கள். கடைசி நாலு எண்ணில் இரண்டும் நிறமும் ரகமும் இருந்தாலே தேடுதல் சுருங்கும்.

ஸ்டேஷனில்

யாருக்கும் அடிபடவில்லை, வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போடமாட்டார்கள், புகாரை வாங்கிக்கொண்டு, அதைப் பதிவு செய்ததற்கு அடையாளமாக சி.எஸ்.ஆர். என்ற ரசீது தருவார்கள். வண்டிச் சேதம் மட்டுமுள்ள ஓன் டேமேஜ் கிளெய்முக்குப் பெரும்பாலும் அது போதும். பல கம்பெனிகள் சிறிய சேதத்துக்கு அதைக்கூடக் கேட்பதில்லை. கேட்கவில்லையே என்று விட்டுவிடாமல் ஒன்று வாங்கிவைக்கச் சொல்வேன்: தேதியும் ஸ்டேஷன் முத்திரையும் உள்ள ஒரு காகிதம் சர்வேயரின் பாதி சந்தேகத்தை அடக்கிவிடும். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் புகார் கொடுக்கலாம்.

காயமோ உயிரிழப்போ இருந்தால் சி.எஸ்.ஆரோடு திரும்பாதீர்கள், எஃப்.ஐ.ஆர். கட்டாயம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்ய இடம் தருகிறது. காப்பி இலவசம். மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்.

இனி எழுத்து. பலர் எழுதுவது இப்படி: 'நேற்று என் கார் விபத்துக்குள்ளாகி விட்டது. நடவடிக்கை எடுக்கவும்.' இதில் ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது இப்படி:

'12-ந் தேதி இரவு சுமார் 9.40 மணிக்கு, ஜி.எஸ்.டி. சாலையில் ஊரப்பாக்கம் அருகே சிக்னலில் என் கார் நின்றிருந்தது. பின்னால் வந்த வெள்ளை நிறச் சரக்கு வாகனம் காரின் பின்பக்கம், வலதுபுறத்தில் மோதிவிட்டு நிற்காமல் கூடுவாஞ்சேரி திசையில் சென்றுவிட்டது. பதிவெண் முழுமையாகத் தெரியவில்லை, டி.என். 22 என்ற தொடக்கம் மட்டும் பார்த்தேன். பின் பம்பர், டிக்கி டோர், பின் கண்ணாடி, வலது பின் விளக்கு சேதம். காரை ஓட்டியவர் நான். யாருக்கும் காயம் இல்லை.'

நேரம், இடம், நின்றதா ஓடியதா, எந்தப் பக்கம், எந்தத் திசையில் போனது, என்னென்ன உடைந்தது, ஓட்டியது யார். ஏழு விஷயம். இதையே வார்த்தை மாற்றாமல் கிளெய்ம் ஃபாரத்திலும் எழுதுங்கள். ஓட்டியவர் பெயரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டினான் என்பதால் அண்ணன் பெயரை எழுதுவதும், கேமராவில் தம்பி முகம் தெரிவதும் வழக்கமாக நடப்பதுதான்.

வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த காரை யாரோ இரவில் இடித்துப்போனால், காலையில்தான் தெரியும். அதற்கு ஒரு நேரத்தைக் கற்பனை செய்து எழுதவேண்டாம். 'இரவு 10 மணிக்கு நிறுத்தினேன், காலை 6.30-க்குப் பார்த்தேன், இடையில் நடந்திருக்கிறது' என்பதே சரியான பதில்.

சர்வேயர் என்ன பார்க்கிறார்

கம்பெனிக்கு அன்றே, போனாலோ செயலியிலோ தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிவிடுங்கள். தவிர்க்கமுடியாத காரணத்தால் தாமதமானால், அதை மட்டுமே சாக்காக வைத்து நியாயமான கிளெய்மைத் தள்ளக்கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20-ந் தேதியே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லும் நிலைமையை ஏன் வரவழைக்க வேண்டும்?

2024 ஜூனில் வந்த ஆணையத்தின் தலைமைச் சுற்றறிக்கைப்படி, கிளெய்ம் பதிவான 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அவர் அறிக்கை வர வேண்டும், அறிக்கை கிடைத்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். சேதம் 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் உரிமம் பெற்ற சர்வேயர்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே கம்பெனி ஆளே பார்க்கலாம், வீடியோ காலில் முடிப்பதும் உண்டு. அவர் பார்க்கும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.

சர்வேயர் கண்ணுக்கு வண்டி ஒரு புத்தகம். சுவரில் ரிவர்ஸில் இடித்தால் பம்பர்தான் முதலில் அடி வாங்கும், நசுக்கல் தட்டையாக அகலமாக இருக்கும், சிமென்ட் தூள் ஒட்டியிருக்கும். லாரி வந்து இடித்தால் கதையே வேறு. அதன் முன்பகுதி உயரம், கார் பம்பருக்கு மேலே வந்து விழும். பம்பர் பிழைத்து டிக்கி டோரும் கண்ணாடியும் போயிருக்கும். பஸ் உரசினால் கதவிலிருந்து கதவுக்கு ஒரே நீளக் கோடு. பைக் ஹேண்டில் என்றால் இடுப்பு உயரத்தில் ரப்பர் கறுப்பு. உரசலில் பெயின்ட் செதில்கள் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்று பார்த்தாலே உரசிய வண்டி முன்னே போனதா எதிரே வந்ததா என்று சொல்லிவிடுவார். பெயின்ட் உரிந்த தகரம் சில நாளிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். 'நேற்று இடித்தது' என்று சொன்ன பள்ளத்துக்குள் காய்ந்த மண்ணும் துருவும் இருந்தால், அவர் பேசாமல் போட்டோ எடுத்துக்கொள்வார். பேசாமல் எடுப்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

இங்கே இன்னொரு ஆசையும் வரும். பின்பக்கம் எப்படியும் கிளெய்ம் போகிறது, போன வருடம் தூணில் கீறிய முன் கதவையும் இதோடு சேர்த்துவிடலாமே என்று. ஒரு விபத்துக்கு ஒரு கிளெய்ம். பின்னால் வந்து இடித்த வண்டி முன் கதவைக் கீற முடியாது. சேர்த்தால் கதவு கழிக்கப்படும் என்பதோடு, மொத்தக் கிளெய்மும் சந்தேகப் பட்டியலுக்குப் போய் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வருவார்.

வண்டியைப் பிரித்த பிறகு உள்ளே மறைந்திருந்த சேதம் தெரியவரும்: பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், டிக்கி தரை, சென்சார் ஒயரிங். அப்போது வேலையை நிறுத்திவிட்டு சப்ளிமென்டரி எஸ்டிமேட் போட்டு, சர்வேயர் ஒப்புதல் வாங்கிய பிறகே பொருளை ஆர்டர் செய்யச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்காரர் 'பாத்துக்கலாம் சார்' என்று முதலில் மாட்டிவிட்டால், அந்தத் தொகை உங்கள் கையில்தான் வந்து நிற்கும். பழைய பாகங்களைத் தூக்கிப்போட விடவேண்டாம், ரீஇன்ஸ்பெக்‌ஷனில் கேட்பார்கள்.

கேட்கும் காகிதங்கள் வழக்கமானவைதாம்: ஆர்.சி., ஓட்டியவரின் லைசென்ஸ், பாலிசி, கே.ஒய்.சி., எஸ்டிமேட், சி.எஸ்.ஆர். அல்லது எஃப்.ஐ.ஆர். புகைச் சான்று காலாவதி என்பதைக் காரணமாக்கிக் கிளெய்மை மறுக்க முடியாது, ஆணையமே சொல்லிவிட்டது. உண்மையில் மாட்டிக்கொள்வது செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்கள். பேர் மாறியதும் தேர்டு பார்ட்டி காப்பு, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கான காப்பு, தானாக உங்களுக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் வராது. 14 நாளுக்குள் எழுதிக்கொடுத்து பாலிசியை உங்கள் பேருக்கு மாற்றியிருக்க வேண்டும். பழைய ஓனர் பேரில் பாலிசி இருக்கும்போது யாராவது இடித்துவிட்டுப் போனால் கம்பெனி கைவிரிக்கும். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி வைத்திருப்பவருக்கு, இடித்தவர் பிடிபடாதவரை காருக்கு ஒரு ரூபாயும் கிடையாது. இதைக் கேட்டு ஒவ்வொருமுறையும் யாராவது அதிர்ச்சியடைகிறார்கள்.

கையை விட்டுப் போவது எவ்வளவு

ஒரு கணக்கு போடுவோம். மூன்றரை வருடக் கார், 1197 சி.சி., பின்பக்கம் அடி. வரி உட்பட பில்: பின் பம்பர் 6,000, பின் விளக்கு 4,000, டிக்கி டோர் 14,000, பின் கண்ணாடி 7,000, பெயின்டிங் 12,000, டிங்கரிங் முதலான கூலி 8,000. மொத்தம் 51,000 ரூபாய்.

பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வண்டி எவ்வளவு புதிதானாலும் தேய்மானம் 50 சதவீதம். ஆகவே பம்பருக்கு 3,000, விளக்குக்கு 2,000. தகரத்துக்கு வயதைப் பார்த்து: 6 மாதம்வரை ஒன்றுமில்லை, ஒரு வருடம்வரை 5 சதவீதம், இரண்டுவரை 10, மூன்றுவரை 15, நாலுவரை 25, ஐந்துவரை 35, பத்துவரை 40, அதற்கு மேல் 50. நம் டிக்கி டோருக்கு 25 போக 10,500. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, முழு 7,000. பெயின்டிங் பில்லில் கால்பங்கு பெயின்ட் விலை என்று வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அதாவது எட்டில் ஒரு பங்கு, 10,500 நிற்கும். கூலி முழுசாக 8,000. கூட்டினால் 41,000. 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஆக கம்பெனி தருவது 40,000, உங்கள் கைக்காசு 11,000. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' காப்பு எடுத்திருந்தால் கைக்காசு 1,000-த்தோடு முடிந்திருக்கும். கிளிப், சீலன்ட், நட்டு போல்ட்டுக்கு வரும் சில நூறு தனி. கன்ஸ்யூமபிள்ஸ் என்று தனியாக எடுத்திருந்தால்தான் அது கவர் ஆகும்.

இப்போது மறுபக்கம். 50 சதவீத நோ கிளெய்ம் போனஸில் இருக்கிறீர்கள், போனஸுக்கு முந்தைய ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 என்று வையுங்கள். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ரினியூவலில் போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-க்கு வர ஐந்து வருடம். இடையில் நீங்கள் இழப்பது 50, 30, 25, 15, 5 என 125 சதவீதம். 15,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,700. வண்டி மதிப்பு வருடாவருடம் குறைவதால் உண்மையில் கொஞ்சம் கம்மியாகவே வரும். கம்பெனி தரும் தொகை இந்த அளவைத் தாண்டினால்தான் கிளெய்ம் போடுவதில் அர்த்தம். மேலே உள்ள 40,000-க்கு யோசிக்கவே வேண்டாம். வெறும் பம்பர் கீறலுக்கு 5,000 என்றால் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போய்விடலாம். போனஸ் இன்னும் ஏறாத புது பாலிசிக்காரருக்கு இதே கணக்கில் இழப்பு 50 சதவீதம், 6,000 ரூபாய்தான். அவர் தாராளமாகப் போடலாம். கிளெய்ம் போட்டாலும் போனஸைக் காப்பாற்றும் என்.சி.பி. புரொடெக்ட் இருந்தால் இந்தப் பத்தியையே தாண்டிவிடுங்கள்.

ரிப்பேர்ச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் கணக்கு. அப்போது ஒர்க்‌ஷாப்பில் பார்க்கிங் கட்டணம் நாள்கணக்கில் ஏறும், எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு அடி என்றால்

இங்கேதான் ஆஸ்பத்திரியில் முதலில் எழுதப்படும் வரி எல்லாவற்றையும் விட முக்கியம். கேஷுவாலிட்டியில் டாக்டர் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்டு ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார். கூட்டி வந்தவர் பதற்றத்திலோ, போலீஸ் கேஸ் வேண்டாம் என்றோ 'வண்டியிலேர்ந்து விழுந்துட்டார்' என்று சொல்லிவிட்டால், தானாக விழுந்ததாகவே பதிவாகும். ஆறு மாதம் கழித்து தீர்ப்பாயத்தில் வக்கீல் முதலில் கேட்பது அந்த ஏ.ஆர். காப்பியைத்தான். 'அடையாளம் தெரியாத வாகனம் மோதியது' என்று சொல்லுங்கள், இடத்தையும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், எழுதியதைக் கேட்டுச் சரிபாருங்கள்.

சிகிச்சைக்கு இரண்டு வழி. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48', முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அங்கீகரிக்கப்பட்ட ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தருகிறது. எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. மத்திய அரசின் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் வந்தது: 7 நாள்வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய்வரை.

இழப்பீடு என்று பார்த்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவு. இடித்த வண்டி எது என்றே தெரியாதபோது உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்; 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை, அதற்கு முன் 25,000-மும் 12,500-மும்தான். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் வரும். சிராய்ப்புக்கு ஒன்றும் கிடையாது. கவனிக்க வேண்டியது, டிரைவர் ஓடிவிட்டாலும் நம்பர் தெரிந்தால் இது உங்களுக்கான வழி அல்ல. அப்போது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்தான்.

பலர் இதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி வாசலில் போய் நிற்கிறார்கள். மனு போக வேண்டிய இடம் வருவாய்த்துறை. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் அளவிலுள்ள கிளெய்ம்ஸ் விசாரணை அதிகாரியிடம் படிவம் 1. அவர் ஒரு மாதத்தில் அறிக்கை தர வேண்டும், கலெக்டர் 15 நாளில் உத்தரவிட வேண்டும், ஜெனரல் இன்சூரன்ஸ் கவுன்சில் அதற்கடுத்த 15 நாளில் வங்கிக் கணக்கில் போட வேண்டும். திட்டம் இருப்பதே தெரியாமல் மனு வருவதில்லை என்பதுதான் பல வருடக் குறை. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 12-ந் தேதி இதற்கு ஒரு உத்தரவு போட்டது: ஒரு மாதத்துக்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், இப்படி ஒரு இழப்பீடு உண்டு என்று பாதிக்கப்பட்டவருக்கு ஸ்டேஷன் அதிகாரி எழுத்தில் தெரிவிக்க வேண்டும், விசாரணை அதிகாரியின் முகவரியும் தர வேண்டும். அந்தக் கடிதம் வரவில்லையா, தீர்ப்பின் தேதியைச் சொல்லி நீங்களே எழுதிக் கேளுங்கள்.

இதைத் தவிர, காரை ஓட்டியவரே அதன் ஆர்.சி. உரிமையாளராகவும் இருந்து, செல்லும் லைசென்ஸ் வைத்திருந்தால், கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் இது சொந்தக் கம்பெனியே தருவது. இடித்தவர் யார் என்று கேட்காது. கார் கிளெய்மை முடித்த குடும்பங்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுவதுண்டு. பாலிசி ஷெட்யூலில் 'பி.ஏ. ஓனர் டிரைவர்' என்ற வரிக்கு எதிரே பிரீமியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டி பிடிபட்டால், கம்பெனி மறுத்தால்

சில மாதம் கழித்து போலீஸ் போன் செய்து வண்டி சிக்கிவிட்டது என்றால், காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் அதன் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மீது தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சட்டத்தில் இதற்கு எழுதியிருப்பது விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். அதை மீறாமல் மனுவைப் போடுவது நல்லது. உங்கள் கம்பெனி ஏற்கெனவே தந்த 40,000-ஐ மறுபடி கேட்க முடியாது. கைக்காசு போன 11,000-ஐக் கேட்கலாம். அந்த 11,000-க்காகக் கோர்ட் படி ஏறுவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. காயம் இருந்தால் கண்டிப்பாக ஏறுங்கள். 161-ல் பணம் வாங்கியிருந்தால் அந்த அளவை இங்கே கழித்துவிடுவார்கள். மனு போடும்போதே அதற்கு உறுதிமொழிப் படிவம் வாங்கியிருப்பார்கள்.

கம்பெனி மறுத்தாலோ குறைத்தாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சர்வே அறிக்கையின் காப்பியும் கேளுங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மெயில். பதில் திருப்தியில்லை, அல்லது ஒரு மாதமாகப் பதிலே இல்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம்வரை விசாரிப்பார்கள், மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அங்கே மேசைக்கு அந்தப்பக்கம் கம்பெனி ஆள் நான்கு காகிதத்தை வரிசையாக வைப்பார்: ஏ.ஆர்., சி.எஸ்.ஆர்., கிளெய்ம் ஃபாரம், சர்வே அறிக்கை. நீங்களும் அதே நான்கின் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.